தளவாய் படம் போளி தின்ற கதை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. எந்தப் பக்கத்து ராஜ்ஜியம் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குச் சொன்னவருக்கே தெரியாது. அங்கே மகரபூபதி என்று ஒரு ராஜா. வரி கேட்டு யாரையும் வாட்டியதில்லை, சண்டைக்கென்று யார் எல்லைக்கும் போனதில்லை. ஒரே ஒரு தொல்லை, காலையில் பல் துலக்கும்போது அவருக்கு ஏதாவது யோசனை உதித்துவிடும். வாய் கொப்பளித்துத் துப்புவதற்குள் அது சட்டமாகிவிடும். பட்டத்து யானை எதிரே வந்தால் ஜனங்கள் எல்லோரும் பின்பக்கமாக நடக்க வேண்டும் என்று ஒரு மாதம் சட்டம் இருந்தது. யானையும் குழம்பிப் போய்ப் பின்பக்கமாக நடந்து ஒரு வளையல் கடைக்குள் நுழைந்த பிறகுதான் அதை நீக்கினார்கள்.

அந்த ராஜாவின் சபையில் செண்பகராயர் என்று ஒரு தளவாய். தளவாய் என்றால் படைக்குத் தலைவர். ராணியின் அண்ணன் என்பதால் வந்த பதவி. சண்டையே இல்லாத நாட்டில் படைத்தலைவருக்கு என்ன வேலை? உடுத்துவதும் உண்பதும்தான். சரிகை அங்கி, முத்துக் குஞ்சம் தொங்கும் தலைப்பாகை, மார்பில் தட்டு அகலத்துக்கு ஒரு பதக்கம், இடுப்பில் தங்கப் பிடி போட்ட வாள். வாளை அவர் உருவி யாரும் பார்த்ததில்லை. உறையோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது என்று அரண்மனைக் கொல்லர் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சாப்பாடு அவருக்கு அரண்மனை மடைப்பள்ளியிலிருந்து வரும். அந்த நாட்டுப் பெரிய மனிதர்களுக்கு அது ஒரு கௌரவம். ராஜாவின் உப்பைத் தின்கிறவர் வேறு உப்பைத் தொடக் கூடாது, வீட்டில் உலை வைக்கவும் கூடாது. செண்பகராயர் இந்த வழக்கத்தை உயிராக மதித்தார். மத்தியானம் பதினாறு கறியோடு சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பார். ராஜசபையோ காலையில் கூடி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் தொடரும். "மைத்துனர் எங்கே?" என்று ராஜா நாலைந்து முறை கேட்டுவிட்டார்.

தூங்கவும் வேண்டும், சபையில் இருக்கவும் வேண்டும். தளவாய் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். நரசராஜு என்ற சித்திரக்காரரை அழைத்துத் தம்மை முழு உயரத்துக்கு, சடங்கு உடையோடு, பலாப்பலகையில் வரையச் சொன்னார். ஆளுயரச் சட்டம் ஒன்றும் செய்து, பலகையை அதில் பக்கவாட்டில் சொருகவும் உருவவும் வழி வைத்தார்கள். அங்கிக்குப் பொன்தாள் ஒட்டி, பதக்கத்துக்குக் கல் பதித்து, இரண்டு மாதத்தில் படம் தயாராயிற்று. வயிறு இருந்த இடத்தில் நரசராஜு வயிறு வைக்கவில்லை. தாடை இல்லாத இடத்தில் ஒரு தாடை வைத்தார். கண்ணில் சிங்கத்தின் பார்வை. அவர் பிள்ளைகுட்டிக்காரர், வேறு என்ன செய்வார்?

படத்தைச் சபைக்குக் கொண்டுவந்து தளவாய் விண்ணப்பம் செய்தார்.

"மகாராஜா, நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு அடியேன் பல இடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. நான் இல்லாதபோது இந்தப் படம் என் ஆசனத்தில் இருக்கட்டும். எனக்குச் செய்யும் மரியாதையைப் படத்துக்குச் செய்தால் நான் சபையில் இருந்ததாகவே ஆகும்."

அன்று காலை பல் துலக்கும்போது ராஜாவுக்கு யோசனை எதுவும் தோன்றியிருக்கவில்லை. அதனால் இந்த யோசனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"நன்று. இன்று முதல் தளவாயும் தளவாய் படமும் ஒன்று. இரண்டுக்கும் பேதம் பார்ப்பவர் தண்டனைக்கு உரியவர்."

சபையோர் வரிசையாக வந்து படத்தைக் கும்பிட்டார்கள். "உயிரோடு நிற்கிறது" என்றார் ஒருவர். "வாய் திறந்து பேசாத குறை ஒன்றுதான்" என்றார் அடுத்தவர். அதற்கடுத்து வந்த பதினைந்து பேரும் அதையே சொன்னார்கள், வேறு ஒன்றும் யோசிக்கத் தோன்றாமல்.

பதினெட்டாவதாக வந்தவன் வயிரவன். அவன்தான் சபையின் விகடகவி. ஒல்லியான உடம்பு, அசட்டுக் களை சொட்டும் முகம். அவன் வாயைத் திறந்தாலே ராஜா சிரித்துவிடுவார். செண்பகராயர் தம் வீரத்தைச் சொல்ல ஆரம்பித்தாலோ ராஜா கொட்டாவி விடுவார். இதனால் தளவாய்க்கு வயிரவனைக் கண்டாலே வயிறு எரியும். வயிரவன் படத்தை மேலும் கீழும் பார்த்தான். கிட்டே போய்ப் பார்த்தான். தள்ளி நின்று பார்த்தான். பிறகு பணிவாகக் கேட்டான்.

"சித்திரம் மிக நேர்த்தி, மகாராஜா. யாருடையது?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். அது தொற்றிக்கொண்டு முன்வரிசை வரை வந்துவிட்டது. ராஜா சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தளவாய் எழுந்தார். "படமும் நானும் ஒன்று என்று இப்போதுதான் ஆணையிட்டீர்கள். இவன் கேலி செய்தது பலகையை அல்ல, என்னை. என்னைக் கேலி செய்வது ராணியாரின் பிறந்த வீட்டைக் கேலி செய்வது. நீதி வேண்டும், மகாராஜா."

ராணியார் என்ற சொல் காதில் விழுந்ததும் ராஜாவின் சிரிப்பு அடங்கிவிட்டது. "என்ன தண்டனை வேண்டும், மைத்துனரே?"

"இவன் படத்திடம் மன்னிப்புக் கேட்கட்டும். வாய் திறந்து பேசாத குறைதான் என்று சபையே சொல்லிற்று. அந்தக் குறையும் தீரட்டும். 'மன்னித்தேன்' என்று படம் வாய் திறந்து சொன்னால் இவன் பிழைத்தான். மூன்று நாள் தவணை. சொல்லாவிட்டால் பெண்டாட்டியோடு ஊரைவிட்டு வெளியேற வேண்டும்."

சபையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. ராஜாவுக்கு வயிரவனை இழக்க மனமில்லை. ஆனால் ராணியை நினைத்தார், தலையசைத்துவிட்டார்.

வயிரவன் கைகட்டி நின்றான். "ஆணைப்படியே செய்கிறேன். சும்மா கேட்டால் யார் மன்னிப்பார்கள்? மூன்று நாளும் தளவாய்க்கு உரிய உபசாரம் அத்தனையையும் நானே முன்னின்று நடத்த உத்தரவு வேண்டும். ஒன்று குறையவும் கூடாது, ஒன்று கூடவும் கூடாது."

தமக்குப் பணிவிடை செய்யப் போகிறான் என்று தளவாய்க்கு உள்ளம் குளிர்ந்தது. ராஜா உடனே முத்திரை போட்டுக் கொடுத்தார்.

வயிரவன் வீட்டுக்குப் போனபோது அவன் மனைவி உலகம்மை மொட்டை மாடியில் கூழ்வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் மாவு பிழியும் உழக்கு, மறு கையில் காக்காய் விரட்டும் குச்சி.

"ஊரை விட்டுப் போகணுமாமே? பூக்காரி சொல்லிட்டுப் போறா. எப்பங்க?"

"மூணு நாள் இருக்கு."

"அப்ப சரி. வடகம் காய மூணு நாளாகும். ஈரத்தோட மூட்டை கட்ட முடியாது பாருங்க." சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் பிழிந்த வடகமெல்லாம் கோணல்மாணலாக விழுந்தது. "கல்யாணமாகி வந்த ஊருங்க இது. வேற எங்க போய் நான் காக்காய் விரட்டுவேன்?"

சபையில் எதற்கும் அசையாத வயிரவன், குச்சியை அவள் கையிலிருந்து வாங்கிக் காக்காய் இல்லாத பக்கமெல்லாம் வீசினான். "போக மாட்டோம் உலகு. நீ மாவைப் பிழி."

முதல் நாள் காலை தளவாயின் பல்லக்கு வாசலுக்கு வந்தது. செண்பகராயர் தலைப்பாகை கட்டி முடிப்பதற்குள் வயிரவன் படத்தைப் பல்லக்கில் ஏற்றி, விசிறிவிட்டு, "தளவாய் புறப்பட்டுவிட்டார், தூக்குங்கள்" என்றான். பல்லக்குச் சுமக்கும் போகிகள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பின்னால் ஒருவர் சரிகை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்து, "யாரோ ராயர் மாதிரியே வேஷம் கட்டிக்கிட்டு வர்றான்டா" என்றான் பின்போகி.

சபையில் ஒரு தளவாய்க்கு ஓர் ஆசனம். அதில் படம் இருந்தது. செண்பகராயர் தூணில் சாய்ந்து நின்றார். தாம்பூலம் படத்துக்குப் போயிற்று, சாமரம் படத்துக்கு வீசினார்கள். அரண்மனை நாவிதர் கத்தியோடு வந்து விழித்தபோது வயிரவன் சொன்னான்: "கன்னத்தில் காற்றாக ஒரு தடவல் போதும். மீசைப் பக்கம் போகாதே, அது மட்டும் ஒரு மாத வேலை."

மத்தியானம் போஜன அறையில் சட்டத்தை மேடைமேல் நிறுத்தி, படத்தைச் சொருகி, எதிரே தலைவாழை இலை போட்டார்கள். பதினாறு கறி வந்தது. கோயிலில் நைவேத்தியத்துக்குச் செய்வதுபோல வயிரவன் திரையை இழுத்து மூடி, சற்று நேரம் பொறுத்து, மணி அடித்துத் திறந்தான். படம் தொடாத சோறு போகிகளுக்குப் போயிற்று. அவர்கள் வாழ்நாளில் அப்படிச் சாப்பிட்டதில்லை.

வாசலில் செண்பகராயரைக் காவலன் தடுத்தான். "தளவாய் உள்ளே சாப்பிட்டுக்கிட்டிருக்காருங்க. ஒரு தளவாய்க்கு ஓர் இலைன்னு முத்திரை போட்ட உத்தரவு."

செண்பகராயர் நேரே ராஜாவிடம் ஓடினார். "மகாராஜா, அந்தப் பயல் என் சாப்பாட்டைப் பலகைக்குப் படைக்கிறான். அது வெறும் படம்."

ராஜா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "வெறும் படமா? அப்படியானால் வயிரவன் கேலி செய்ததும் வெறும் படத்தைத்தான். விட்டுவிடலாமா?"

தளவாய் கணக்குப் போட்டுப் பார்த்தார். வயிரவனைத் துரத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி வராது. பசி இரண்டு நாளில் தீர்ந்துவிடும். "இல்லை மகாராஜா. படமும் நானும் ஒன்றுதான்."

"அப்படியானால் சாப்பிட்டாயிற்று?"

"சாப்பிட்டாயிற்று."

"இன்று என்ன கூட்டு?"

தளவாய்க்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "வாசனையை வைத்துப் பார்த்தால், பூசணிக்காய்" என்றார்.

அன்று இரவு அவர் உப்பில்லாத பண்டமாகப் பார்த்து இருபத்திரண்டு வாழைப்பழம் தின்றார். வாழைப்பழம் பசிக்கு ஆகும், செண்பகராயரின் பசிக்கு ஆகாது.

மறுநாள் அவருக்கு ஒரு புத்தி வந்தது. படத்தில் உள்ள அதே அங்கி, அதே தலைப்பாகை, அதே பதக்கம். போஜன அறைக்குப் பின்கதவு ஒன்று உண்டு. வயிரவன் திரையை மூடியதும் அவர் பூனைநடையில் உள்ளே வந்தார், பலகையை உருவிக் கதவுக்குப் பின்னால் சாத்தினார், இலையின் முன் உட்கார்ந்து வேகவேகமாக அள்ளிப் போட்டுக்கொண்டார். மணிச் சத்தம் கேட்டதும் ஒரே தாவலில் சட்டத்துக்குள் ஏறி, வலது கையை வாள்பிடியில் வைத்து, சிங்கப் பார்வை பார்த்துக்கொண்டு நின்றார்.

வயிரவன் திரையைத் திறந்தான். இலை நக்கினாற்போல் சுத்தமாக இருந்தது. படத்தைப் பார்த்தான். மீசையில் ஒரு தயிர்ச்சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. படத்தின் வயிறு சட்டத்துக்கு வெளியே ஒரு சாண் வந்திருந்தது. அவன் விழுந்து கும்பிட்டான், திரையை மெல்ல மூடினான். வெளியே வந்து மடைப்பள்ளிக்காரரிடம் ஊருக்கே கேட்கும்படி சொன்னான்: "தளவாய்க்கு இன்றைக்குத்தான் ருசி பட்டிருக்கிறது. நாளைக்குப் பருப்புப்போளி செய்யுங்கள். நெய்யில் கஞ்சத்தனம் வேண்டாம்."

திரைக்குப் பின்னால் பலகையைச் சட்டத்தில் திருப்பிச் சொருகிக்கொண்டிருந்தவருக்குப் போளி என்றால் உயிர்.

மூன்றாம் நாள் மத்தியானம் வழக்கம்போல இலை போட்டார்கள். நாற்பது போளி அடுக்கினார்கள். திரை விழுந்தது. அப்புறம்தான் வயிரவன் ராஜாவையும் சபையோரையும் ஓசைப்படாமல் அழைத்துவந்து திரைக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்தான். "படம் சாப்பிடுவதை மகாராஜா கண்ணாரக் காண வேண்டும்" என்று காதோடு சொன்னான். உள்ளேயிருந்து சப்புக்கொட்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது. சபையோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வயிரவன் மணி அடித்துத் திரையை விலக்கினான்.

சட்டத்துக்குள் தளவாய் நின்றார். எதிரே சபை முழுவதும் உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் அவர் உடம்பு கல்லாகிவிட்டது. வாயில் ஒரு போளி. மெல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது. ஒரு கன்னம் மட்டும் உப்பியிருந்தது.

வழக்கத்தை விடாத சபையோர் எழுந்து கும்பிட்டார்கள். "நாளுக்கு நாள் உயிர்க்களை கூடுகிறது" என்றார் ஒருவர். "வாய் திறந்து பேசாத குறை ஒன்றுதான்" என்றார் அடுத்தவர்.

சபையோரோடு வந்திருந்த நரசராஜு மட்டும் முன்னால் வந்தார். முகம் சுருங்கிப்போயிருந்தது. "மகாராஜா மன்னிக்க வேண்டும். அந்த வயிறு நான் வரைந்ததல்ல. யாரோ என் படத்தில் கை வைத்திருக்கிறார்கள்."

ராஜாவுக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, "வயிரவா, தவணை முடிகிறது. மன்னிப்புக் கேள்" என்றார்.

வயிரவன் சட்டத்தின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "தளவாய் அவர்களே, யாருடைய படம் என்று கேட்டது என் பிழை. மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

படம் பேசவில்லை. நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி மட்டும் உருண்டு மூக்கு நுனியில் நின்றது.

"பேசவில்லையே" என்றார் ராஜா.

"பேசாது மகாராஜா. எனக்கு விதித்தது அவ்வளவுதான்." வயிரவன் எழுந்து மேல்துண்டை உதறினான். "போவதற்கு முன் பாக்கியிருக்கும் ஒரே ஒரு பணிவிடையைச் செய்துவிடுகிறேன். பலகை சட்டத்தில் சரியாக நிற்கவில்லை. பாருங்கள், ஆடுகிறது."

எல்லோரும் பார்த்தார்கள். படம் உண்மையாகவே ஆடிக்கொண்டிருந்தது. முழங்கால் பக்கம் நன்றாகவே நடுங்கிற்று.

"விழுந்து உடைந்தால் ராணியாருக்கு என்ன பதில் சொல்வது? அதனால் தச்சரிடம் சொல்லிச் சாமான் கொண்டுவந்திருக்கிறேன்." வயிரவன் மடியிலிருந்து ஒரு சுத்தியலையும் ஐந்து ஆணிகளையும் எடுத்து மேடைமேல் வைத்தான். நான்கு ஆணிகள் ஒரு விரல் நீளம். ஐந்தாவது மட்டும் ஒரு சாண். "மூலைக்கு ஒன்றாக நான்கு. இந்தப் பெரியது நடுவில். ராஜுகாரே, பலாப்பலகை தடிமன்தானே? தாங்கும்?"

"என் பலகை தாங்கும்" என்றார் நரசராஜு. இன்னும் அந்த வயிற்றிலிருந்து அவர் கண் எடுக்கவில்லை.

"நடுவிலிருந்தே ஆரம்பிக்கலாம். அங்கேதான் துருத்திக்கொண்டிருக்கிறது." வயிரவன் ஒரு சாண் ஆணியைப் பதக்கத்துக்கு நாலு விரல் கீழே, தொப்புளுக்கு நேராக வைத்தான். ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தான். சுத்தியலைத் தலைக்குமேல் ஓங்கினான்.

"மன்னித்தேன்" என்று அலறிற்று படம்.

போளி பறந்து போய் இரண்டாம் வரிசையில் விழுந்தது.

"சரியாகக் காதில் விழவில்லை" என்றான் வயிரவன், சுத்தியலை இறக்காமல்.

"மன்னித்தேன், மன்னித்தேன், உன்னை மன்னித்தேன், உன் வம்சத்தையே மன்னித்தேன். ஆணியை எடுப்பா."

ராஜா சிரித்தார். சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுப்பக்கம் சாய்ந்து, அதை நிமிர்த்தப் போன மந்திரியும் சிரித்து, இருவருமாகச் சேர்ந்து அதைக் கீழே போட்டார்கள். ராணிகூட உப்பரிகையில் திரைக்குப் பின்னால் சிரித்ததாகப் பணிப்பெண்கள் சொன்னார்கள். அண்ணனைச் சிறுவயதிலிருந்தே தெரிந்தவள் அல்லவா.

செண்பகராயர் சட்டத்திலிருந்து இறங்கினார். "மகாராஜா, இது செல்லாது. பேசியது நான். படம் பேசவில்லை. படம் கதவுக்குப் பின்னால் இருக்கிறது."

"மைத்துனரே," என்று ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார், "படமும் நீங்களும் ஒன்று என்று என்னிடம் நீங்களே சொன்னீர்கள். பூசணிக்காய்க் கூட்டைக்கூடச் சொன்னீர்கள். சபையே காதாரக் கேட்டது, படம் பேசிவிட்டது. வயிரவன் எங்கும் போக மாட்டான்."

தளவாயும் படமும் ஒன்று என்ற ஆணையை அப்போதே நீக்கினார். நாளை முதல் தளவாய் தாமே சபைக்கு வர வேண்டும், தாமே விழித்திருக்க வேண்டும். அவர் ஆசனத்துக்குப் பக்கத்துத் தூணில் அந்தச் சுத்தியலையும் ஒரு சாண் ஆணியையும் மாட்டிவைக்கச் சொன்னார். அன்றிலிருந்து செண்பகராயர் சபையில் ஒருமுறைகூடக் கண் அசந்ததில்லை.

ராஜா தம் தோளில் இருந்த சால்வையை எடுத்து வயிரவனுக்குப் போர்த்தி, கையிலிருந்த கங்கணத்தையும் கழற்றிப் போட்டார். "வேறு என்ன வேண்டும், கேள்."

வயிரவன் தலையைச் சொறிந்தான். "யாருக்கும் தேவையில்லை என்றால், மகாராஜா, அந்தப் படத்தைக் கொடுங்கள்."

"படத்தையா? அதை வைத்து என்ன செய்வாய்?"

வயிரவன் கிட்டே போய்க் காதில் சொன்னான். இரண்டாம் முறை விழுந்த கிரீடம் நெளிந்தே போய்விட்டது.

பொழுது சாய்வதற்குள் போகிகள் படத்தைப் பல்லக்கில் கொண்டுவந்து வயிரவன் வீட்டு மொட்டை மாடியில், வடகத்துக்கு நடுவில் நிறுத்தினார்கள். பொன் அங்கியும் சிங்கப் பார்வையுமாகத் தளவாய் நின்றார். மேலே வட்டமிட்ட காக்காய்கள் எல்லாம் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டன.

உலகம்மை குச்சியைக் கீழே வைத்தாள். மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். வயிரவன் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த போளியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு படத்தைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. யாருங்க இது?"